பூதம் ஓட்டுகிறவள்

ஆகஸ்ட் 30, சனி

இன்று மதியின் அறையைத் திறந்தேன். ஒட்டடை அடிக்க என்று இவரிடம் சொன்னேன். ஒட்டடையும் அடித்தேன், பொய் சொன்ன பாவம் வேண்டாம்.

காந்திமதி எங்கள் ஒரே மகள். இப்போது ஜெர்மனியில் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறாள். இவருடைய அக்கா மகனுக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தோம். இரண்டாவது பொங்கல்கூட வரவில்லை, பாவூர்சத்திரத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் வந்து நின்றாள். "இனி அங்க போகமாட்டேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இவருக்கு அக்கா என்றால் பெற்ற தாய் மாதிரி. அக்கா எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டாள், இவர் மகளோடு முறித்துக்கொண்டார். "இந்த வீட்டு போன்ல அவ குரல் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, தன் மோட்டார் ரிப்பேர்க் கடைக்குக் காயில் கட்டப் போய்விட்டார்.

நான் சொன்ன சொல் மீறாதவள். போனில் அவளோடு பேசுவதே இல்லை. எழுதி அனுப்புவது பேச்சில் சேராது என்பதால் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" மட்டும் போகும், வரும். நேற்று அவள் நீளமாக எழுதியிருந்தாள். என் பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்மா, அதில் ஒரு விளையாட்டை ஏற்றித் தருகிறேன், விளையாடிக்கொண்டே பேசலாம், கம்ப்யூட்டர் போன் இல்லையே என்று.

என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி யோசிக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விண்வெளியில் சரக்குக் கப்பல். அதில் பல ஊர் ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்து வந்து வேலை பார்க்கிறார்கள். எங்கள் கப்பலில் எல்லாரும் தமிழ். கேப்டன் ரூபன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாரிஸில் இருக்கிறார். மதி வழி பார்த்துச் சொல்கிறவள். இன்னும் இரண்டு பேர் உண்டு, வாயே திறப்பதில்லை.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பூதம் ஓட்டுவது. சாமான் ஏற்றுகிற ஒரு பெரிய இரும்பு மனிதன், மச்சு வீட்டு உயரம். அதன் வயிற்றுக்குள் நான் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இடது கை விசையில் கால் நடக்கும். வலது கையால் மவுஸை அசைத்தால் பூதத்தின் இரண்டு கைகளும் பெட்டியைப் பிடிக்கும். பேச வேண்டுமென்றால் இன்னொரு பொத்தானை அமுக்கிக்கொண்டே பேச வேண்டும், விட்டால் யாருக்கும் கேட்காது. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், விசைப்பலகைக்கு பயப்படமாட்டேன் என்று மதியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பூதம் சுவரில் முட்டி மல்லாந்து விழுந்தது.

மதி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் இன்னொரு தடவை வேண்டுமென்றே விழுந்தேன்.

செப்டம்பர் 6, சனி

மூன்று பெட்டியை உடைத்தேன். "பரவாயில்லை அன்ரி" என்றார் கேப்டன். குரல் பரவாயில்லை என்கிற மாதிரி இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று ஒன்றும் உடையவில்லை. சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அங்கே பெட்டிக்குக் கனம் கிடையாது, ஆனால் ஒரு தள்ளு தள்ளினால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வைக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே கையைத் தளர்த்த வேண்டும். வேலை முடிந்து பூதத்தை நிறுத்தும்போது அதன் பாதத்தில் இருக்கும் காந்தத்தைப் போட்டுவிட வேண்டும், பச்சை விளக்கு எரியும். அப்போதுதான் தரையோடு ஒட்டி நிற்கும்.

மதியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் அழுதுவிடுவோம். கையில் வேலை இருந்தால் பேச்சு தன்னால் வருகிறது. "இடது பக்கம் தள்ளும்மா, இங்க குளிர் ஆரம்பிச்சிட்டு, இன்னும் கொஞ்சம் மேல, புது கம்பளி வாங்கினேன், போதும் வை" என்கிறாள். நான் ரசத்துக்கு அரைக்கிற பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே பதினைந்து பெட்டி அடுக்குகிறேன்.

இவர் கூடத்து நாற்காலியை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். கேட்டால் "இங்கதான் காத்து வருது" என்கிறார். அந்த இடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் காற்று வந்ததில்லை. மனிதனுக்கு வயதானால் இப்படித்தான் இடம் மாறி மாறி உட்காரச் சொல்லும் போல.

செப்டம்பர் 13, சனி

மதி இன்று கப்பலின் கிடங்குக்குள் இறங்கி என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலைக் கவசம் போட்ட சின்ன உருவம், பூதத்தின் முழங்கால் உயரம்கூட இல்லை. அவள் தலைக்கு மேல் இருந்த தட்டிலிருந்து பெட்டி எடுக்க வேண்டி, பூதத்தின் வலது கையைச் சட்டென்று ஓங்கினேன்.

காதில் அவள் மூச்சு அப்படியே நின்றது. திரையில் உருவம் அசையவில்லை. ஜெர்மனியில் ஏதோ ஒரு கோப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா." பிறகு, "கைய ஓங்கும்போது மட்டும் சொல்லிட்டு ஓங்கும்மா. திடீர்னு தூக்காத" என்றாள்.

இந்தப் பிள்ளை சின்ன வயதில் லட்சுமி வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்திப் போடும். விளையாட்டுப் பொம்மை கை தூக்கியதற்குப் பயப்படுகிறது. வேலை அதிகம், தூக்கம் குறைவு, வேறென்ன இருக்கப் போகிறது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன்.

இன்று எனக்கும் தலை வலிக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒவ்வொரு பெட்டிக்கும் "தூக்குதேன்", "இறக்குதேன்" என்று சொல்லிச் சொல்லித்தான் வேலை பார்த்தேன். மதி இயல்பாக இருந்தாள். பிறகு கேப்டனும் "இது நல்ல பழக்கம் அன்ரி, மற்ற ஆக்களும் இப்பிடிச் செய்யலாம்" என்றார்.

சாயங்காலம் தோசை ஊற்றும்போது இவர் கேட்டார். "அது என்ன, ஏலம் போடுத மாதிரி தூக்குதேன் தூக்குதேன்னு கத்துத?"

யாரோடு பேசுகிறேன் என்று நான் இதுவரை சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. "கூட வேலை பாக்குத பொண்ணு சொல்லச் சொல்லிச்சு. சொல்லாம கை ஓங்கினா பயந்து போயிருது" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"ஒரு பொண்ணு."

இவர் தட்டில் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். உளுந்து சரியாக அரைபடவில்லை என்று நினைக்கிறேன். மாவு அரைக்கும் கல்லைக் கொத்த வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

இவர் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. நேற்று கடையில் ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தப்பாகச் சுற்றி, பிரித்து, திரும்பச் சுற்றினாராம். கடையில் வேலை பார்க்கும் சுப்பையா வந்து சொன்னான். இந்த ஜன்மத்தில் நடக்காத சங்கதி.

செப்டம்பர் 20, சனி

நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. நான் பூதத்துக்குள் இருந்தேன், பெட்டி கையில். எல்லாம் இருட்டு. மதி என்னைக் காணாமல் தவித்திருப்பாள். அரை மணி நேரம் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் இவர் ஒரு பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, கம்பி இழுத்து, மாட்டிவிட்டுப் போனார். கரண்ட் போனாலும் அணையாதாம். "கடையில சும்மா கெடந்துச்சு" என்றார். அட்டைப் பெட்டியில் புதுசு வாசனை அடித்தது. கடையில் கிடந்ததை வீட்டில் கொண்டுவந்து அடைப்பது இவருக்குப் பழக்கம்.

கப்பலில் இப்போது பெரிய வேலை ஒன்று நடக்கிறது. தொலைவில் ஒரு குடியிருப்பில் பயிரெல்லாம் கருகிவிட்டதாம், பல கப்பல்கள் சேர்ந்து அதற்கு விதை கொண்டுபோகின்றன. எங்கள் பங்கு கண்ணாடிக் குடுவைகளில் அடைத்த விதை. மூன்று வாரமாக ஒவ்வொரு துறைமுகமாகப் போய்ச் சேர்த்து, ஒவ்வொன்றாக நான்தான் அடுக்கியிருக்கிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி புறப்பாடு. ஜெர்மனியில் அன்று விடுமுறை.

மதி தனியாக என்னிடம் சொன்னாள். "ரூபன் அண்ணனுக்கு இது ரொம்ப முக்கியம்மா. இதுல ஏதாவது ஆச்சுன்னா ஆளையே மாத்திருவாரு. இங்க எனக்குப் பேச்சுத்துணைன்னு உள்ளது இந்தக் கப்பல் மட்டுந்தான்." அவளுக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. இந்தக் கப்பலில் எனக்கு இடம் போனால் மகளோடு பேச எனக்கு இருக்கிற ஒரே வழியும் போயிற்று. பெரியநாயகி அம்மனுக்கு ஒரு நெய்விளக்கு நேர்ந்துகொண்டேன். விண்வெளிக்கு அவள் பொறுப்பெடுப்பாளா தெரியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இவர் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டி, தென்காசிக்குச் செம்புக் கம்பி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பிக்கடை திறந்திருக்கிறதோ. பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு சீப்புப் பழம் வாங்கியதைக் காய்கறிக்காரி பார்த்திருக்கிறாள். கம்பி விற்கிறவனுக்கு எதற்குப் பழம்?

மூன்று மணிக்கு வந்தார். கம்பி இல்லை. பழம் அப்படியே பையில் இருந்தது, நசுங்கிப் போய். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"பஸ்ல ஒரே தூசி" என்றார்.

பழத்தை எடுத்து வைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாவூர்சத்திரம் தென்காசிக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

அக்டோபர் 1, புதன். ஆயுதபூசை

கடையில் காலையில் பூசை. இவர் இதில் மகா கண்டிப்பு. சுத்தி, ஸ்பேனர், காயில் சுற்றும் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து, பொட்டு வைத்து, மெயினை அணைத்துவிட வேண்டும். சுப்பையா ஒரு டெஸ்டரில் சின்னச் சிவப்பு விளக்கை எரியவிட்டிருந்தான். "வருசமெல்லாம் நமக்கு உழைக்கு. ஒரு நாளாவது முழுசா தூங்கட்டும்ல, அதையும் அணை" என்று சத்தம் போட்டார்.

வீட்டுக்கு வந்து நான் என் ஆயுதங்களுக்குச் செய்தேன். கிரைண்டர், தையல் மிஷின், பிறகு கம்ப்யூட்டர். விசைப்பலகையைத் துடைத்து, காதில் மாட்டுகிற ஹெட்போனையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குழைத்து இரண்டு பக்கமும் தாராளமாக வைத்தேன்.

அப்போதுதான் பூதம் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக என் மகளை எனக்குக் கொடுத்தது அதுதான், அதற்குப் பொட்டில்லாமலா? உள்ளே போனேன். கப்பல் துறைமுகத்தில் நின்றது, யாரும் இல்லை. பெயின்ட் அடிக்கும் கருவியால் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். கைவிளக்கு ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். பொரி கடலைக்கு அங்கே வழியில்லை. எல்லா விசையையும் அணைத்தேன். பாதத்தில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கப்பல் அசையாமல் நிற்கிறது, காந்தம் எதற்கு, இதுவும் ஒரு நாள் முழுசாகத் தூங்கட்டும் என்று அதையும் அணைத்தேன்.

பூதம் நன்றாக இருந்தது பார்க்க.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூசை. கடை ஆட்கள் குடும்பத்தோடு சாப்பாடு. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாகப் பச்சை விளக்கைப் போட வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

காலையில் பால்காரர் வரவில்லை, தண்ணீர் வந்தது, மறந்துபோனேன். நாலு மணிக்குப் புறப்பாடு. மூன்றரைக்கு உட்கார்ந்தால் ஹெட்போனில் சத்தமே இல்லை. சந்தனம் உள்ளே போய் இறுகிவிட்டது. ஊசியால் குத்திப் பார்த்து, உதறிப் பார்த்து, கடைசியில் மேஜைமேல் இருக்கும் ஸ்பீக்கரிலும் பழைய மைக்கிலும் கம்பியை மாற்றி மாட்டினேன். உள்ளே போனபோது கப்பல் கிளம்பிவிட்டிருந்தது.

கேப்டன் வேகம் கூட்டினார். கிடங்கிலிருந்து முதலில் ஒரு உராய்கிற சத்தம். அப்புறம் இடி. காந்தம் இல்லாத பூதம், நெற்றியில் பொட்டோடு, கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அப்படியே வழுக்கிப் போய்க் குடுவைகள் மேல் விழுந்தது. கப்பல் திரும்பியது, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. இத்தனை வாரமாக நான் அடுக்கிய கண்ணாடி அத்தனையும் தூளாகி, விதையெல்லாம் ஈசல் மாதிரி மிதந்தது.

பேசுகிற பொத்தானை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

"காந்தத்தை ஆர் நிப்பாட்டினது?" ஸ்பீக்கரில் கேப்டன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. என்னைத் திட்ட அவருக்கு மனமில்லை, வயதில் பெரியவள். அதனால் மதியைப் பிடித்துக்கொண்டார். "மதி, உமக்கு எத்தனை தரம் சொன்னனான்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது நீர். கவனிக்க வேண்டியதும் நீர். எல்லாரிட உழைப்பையும் நாசமாக்கிப் போட்டீர்!"

"எம்மேலதான் தப்பு அண்ணா" என்றாள் மதி. "நான்தான் அம்மாவ அணைக்கச் சொன்னேன்."

அவள் சொல்லவே இல்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நொடிகூட யோசிக்காமல் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பழகிப்போனவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. இவர் என் தோளுக்கு மேல் குனிந்து மைக்கைப் பிடித்தார். பொத்தானில் என் விரல் இன்னும் அமுங்கியே இருந்தது.

"ஏ தம்பி, கேப்டன். நான் அந்தப் பிள்ளையோட அப்பா பேசுதேன். காந்தத்த அணைச்சது அவ அம்மா. பூசையன்னிக்கு எல்லாத்தையும் அணைக்கணும்னு சொல்லிக்குடுத்தது நான். திட்டணும்னா எங்க ரெண்டு பேரையும் திட்டு. எம் பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது."

கேப்டன் மெதுவாக, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. கோவத்தில கத்திப்போட்டன். விதை திரும்பச் சேக்கலாம்" என்றார்.

"அப்பா?" என்றாள் மதி.

இவர் மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்தார். "மதி. ஞாயித்துக்கெழம உங்க அத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவ மூஞ்சியப் பாத்தே கேட்டேன். உம்மவன் எம் பிள்ளய அடிச்சானான்னு. மூடி மறைக்கக்கூட இல்ல. வீட்டுக்கு வீடு உள்ளதுதான தம்பின்னு சொல்லுதா. கொண்டுபோன பழத்தக்கூட அங்க வைக்கல, வந்துட்டேன். நீ வந்து நின்ன அன்னிக்கே ஏன் தாயி எங்கிட்ட சொல்லல?"

நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூதத்தின் கையை ஓங்கிய அன்று விழுந்த கோப்பையின் சத்தம் இந்த இருபது நாளும் என் காதில்தான் இருந்தது. இவரும் நானும் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சுமந்திருக்கிறோம்.

மதி அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் சொன்னாள், கோபமே இல்லாமல்.

"நீங்க கேக்கவே இல்லியேப்பா."

"எல்லாரும் மைக்கை நிப்பாட்டிப்போட்டு வெளியில போங்கோ" என்றார் கேப்டன். "அப்பாவும் மகளும் கதைக்கட்டும்." ஒவ்வொருவராகப் போனார்கள். கப்பல் அப்படியே நின்றது.

நான் எழுந்து நாற்காலியை இவருக்குக் கொடுத்தேன். உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் பதிலே இல்லை. பொத்தானை அமுக்கவில்லை, அவளுக்கு எப்படிக் கேட்கும்? இவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

"திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப கேக்கேன் தாயி. சொல்லு."